தில்லியில் முகக்கவசம், பஞ்சாபில் வயல் தீ: ஒரு தந்தையின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இதுதான்: மகள் படிப்பை முடித்துத் தில்லியில் வேலைக்குச் சேரவிருக்கிறாள். கொரோனா ஓய்ந்து இத்தனை காலம் ஆன பிறகும் புகைமூட்டம் சூழும் நவம்பர் மாதத்தில் அங்கே முகக்கவசம் அணிந்தவர்களைப் படங்களில் காண முடிகிறது. அது உண்மையிலேயே தேவையா, பெருந்தொற்றுக் காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கமா? பஞ்சாப் விவசாயிகள் நெல் அறுவடைக்குப் பின் வயலில் மிஞ்சும் தாளைக் கொளுத்துவதைத் தடுக்காமல், மூச்சுவிடுகிறவர்களை முகத்தை மூடிக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்?

முதல் பாதிக்கு நேரடியான பதில், ஆம், தேவைதான்; ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் நாம் அணிந்ததற்கான காரணம் வேறு, இதற்கான காரணம் வேறு. தொற்றுக் காலத்தில் முகக்கவசம் இரண்டு வழியிலும் வேலை செய்தது: நோயுள்ளவரின் மூச்சிலும் இருமலிலும் வெளிவரும் துளிகளை அவரிடமே நிறுத்துவது ஒன்று, மற்றவர் உள்ளிழுப்பதைக் குறைப்பது மற்றொன்று. அதனால்தான் அரசு அதைச் சட்டமாக்கி, மீறியவரிடம் அபராதம் வசூலிப்பதற்கு ஓரளவு தர்க்கம் இருந்தது. என் முகக்கவசத்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் பயன் உண்டு. புகைக்கு அணியும் முகக்கவசத்தில் பிறருக்கான அந்தப் பயன் அறவே கிடையாது. உங்கள் மகள் அணிந்தால் அவளுடைய நுரையீரலுக்கு மட்டும் கொஞ்சம் காப்பு. தெருவில் இருக்கும் புகை ஓர் இம்மியும் குறையாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசுவதால்தான், ஒரு பக்கம் ‘கொரோனா போய்விட்டது, இனி எதற்கு மாஸ்க்’ என்கிற அலட்சியமும், மறு பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாஸ்க் கொடுத்துவிட்டால் அரசின் கடமை முடிந்துவிட்டது என்கிற சாமர்த்தியமும் கிளம்புகின்றன.

தொற்றுக்கான முகக்கவசம் பற்றிய சான்றுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனமே தொடக்கத்தில் பொதுமக்கள் அனைவரும் அணிய வேண்டியதில்லை என்றுதான் சொல்லி வந்தது. 2020 ஜூன் 5 அன்றுதான் நிலையை மாற்றிக்கொண்டது. வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடையே நடந்த ஆய்வில், இலவசமாகக் கொடுத்து, எடுத்துச் சொல்லி, ஊர்ப் பெரியவர்களையும் பேசவைத்த கிராமங்களில் அணிவோர் விகிதம் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. அறிகுறியுடன் கூடிய தொற்று அங்கே ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது. அறுவைச் சிகிச்சை முகக்கவசம் கொடுக்கப்பட்ட ஊர்களில், 60 வயதைக் கடந்தவர்களிடையே குறைவு இதைவிடக் கணிசமாக இருந்தது. துணி முகக்கவசத்தின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. பின்னர் 2023 ஜனவரியில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு வெளிவந்தபோது, ‘மாஸ்க் பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டது’ எனப் பலரும் முழங்கினார்கள். அந்த அமைப்பின் தலைமைப் பதிப்பாசிரியரே மார்ச் மாதத்தில், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை, முகக்கவசம் அணியுமாறு ஊக்குவிப்பது பரவலைக் குறைக்கிறதா என்ற கேள்விக்குக் கிடைத்த சான்றுகள் முடிவானவையாக இல்லை என்பதே அதன் பொருள் என்று விளக்க வேண்டியதாயிற்று. என் கருத்தில், 2023 மே 5 அன்று சர்வதேச அவசரநிலை விலக்கப்பட்ட பிறகு கட்டாயத்துக்கு இடமில்லை. இருமலோடு பேருந்தில் ஏறுகிறவரும், முதியோரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறவரும் தாமாகவே அணிவது நாகரிகம். அப்படி அணிந்தவரை ‘இன்னுமா பயம்?’ என்று கேலி செய்வதுதான் எனக்குப் பிடிபடாத வழக்கம்.

தில்லியில் முகக்கவசம் கொரோனாவோடு வந்ததும் அன்று. 2017 டிசம்பரில் பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இலங்கை அணி டெஸ்ட் ஆடியபோது, அதன் வீரர்கள் முகக்கவசத்தோடு களத்தில் நின்றார்கள். ஆட்டம் இடையிடையே நின்றது. வேகப்பந்து வீச்சாளர் சுரங்க லக்மல் மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். அன்றைக்கு நம் தொலைக்காட்சிகளில் பலர் அதை நாடகம் என்றார்கள். 2019 நவம்பர் 1 அன்று தலைநகர்ப் பகுதியில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டு, பள்ளிகள் மூடப்பட்டு, மாணவர்களுக்கு 50 லட்சம் முகக்கவசங்களை வழங்கும் பணியைத் தில்லி அரசு தொடங்கியது. கொரோனா பெருந்தொற்று அப்போது தொடங்கியிருக்கவே இல்லை. ஆகவே அங்கே முகக்கவசம் பெருந்தொற்றின் மிச்சமாக இருப்பதைவிட, பெருந்தொற்றால் கூச்சம் விலகிய ஒரு பழைய தேவையாகவே இருக்கிறது.

எந்த முகக்கவசம் என்பது அடுத்த விஷயம். கவலைக்குரிய நுண்துகள்கள் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த விட்டம் உடையவை. என்95 தரம் என்றால், வடிகட்டக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலேயே குறைந்தது 95 சதவீதத்தை அந்தத் துணி நிறுத்த வேண்டும். இழைகளில் ஏற்றப்பட்ட மின்னூட்டம் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் அது சாத்தியமாகிறது. துவைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும், ஆகவே என்95 முகக்கவசத்தைச் சோப்பில் அலசிக் காயப்போடுகிற சிக்கனம் வீண். துணியின் தரத்தைவிட முக்கியமானது விளிம்பு. மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டையை இரு கை விரல்களாலும் அழுத்தி வளைத்து, கையால் மூடிப் பலமாக ஊதிப் பார்க்க வேண்டும்; கண்ணிமையில் காற்று படுகிறதென்றால் மேல்விளிம்பு வழியாகக் காற்று போய்வருகிறது என்று பொருள், மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கண்ணாடி மங்கிப்போவதே இதைக் காட்டிவிடும். காதில் மாட்டும் வகையைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகும் வகை நன்றாகப் படியும். தாடி இருந்தால் எதுவும் சரியாகப் படியாது. நீல நிற அறுவைச் சிகிச்சை முகக்கவசம் தொற்றுக்கு ஓரளவு உதவினாலும், கன்னத்தோரம் இடைவெளி விடுவதால் புகைக்குப் போதாது. துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வது தூசிக்குத்தான் ஆகும். என்95 கூட நைட்ரஜன் டையாக்சைடு, ஓசோன் போன்ற வாயுக்களை நிறுத்தாது என்பதையும் மகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இப்போது நியாயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒரு கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தில்லியின் புகைக்கு வயல் தீயின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், ஒரே உண்மைக்கு மூன்று எண்கள் சொல்லப்படும். எது வசதியோ அதை எடுத்துக்கொள்கிறவர்கள் அரசியல்வாதிகள். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் இரண்டாம் வாரம் வரை, வடமேற்குக் காற்று வீசுகிற சில நாட்களில் நுண்துகளில் 35 சதவீதத்துக்கும் மேல் வயல் தீயிலிருந்து வந்ததுண்டு. 2021 நவம்பர் 7 அன்று அது 48 சதவீதத்தைத் தொட்டதாக, காற்றுத் தரத்தைக் கணிக்கும் மத்திய அரசின் சஃபார் அமைப்பு மதிப்பிட்டது. அந்தப் பருவம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் பங்கு பெருமளவு குறைந்துவிடும். ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் அதனினும் குறைவு. மத்திய அரசே 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் குளிர்காலத்தில் 4 சதவீதம், கோடையில் 7 சதவீதம் என்ற கணக்கைக் கொடுத்தது. மூன்றும் பொய்யல்ல. எஞ்சியவை வாகனம், கட்டுமானத் தூசி, ஆலைகள், குப்பை எரிப்பு, விறகடுப்பு, சுற்றியுள்ள அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து வருகின்றன. அவை ஆண்டு முழுவதும் இருப்பவை. வயல் தீ, காற்று அசையாமல் தரையோடு படிந்து நிற்கும் குளிர்காலத் தொடக்கத்தில் அவற்றின் மேல் வந்து ஏறுகிறது.

விவசாயி ஏன் கொளுத்துகிறார் என்பதுதான் இதில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி. பஞ்சாபின் மரபான உணவும் பயிரும் கோதுமைதான். பசுமைப் புரட்சியின்போது, உறுதியான அரசுக் கொள்முதலும் ஆதரவு விலையும் கிடைத்ததால் நெல் அங்கே பரவி, இன்று சுமார் 30 லட்சம் ஹெக்டேரில் பயிராகிறது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம், ஆழ்குழாய்க் கிணறு வீட்டுக்கு வீடு. ஆண்டுதோறும் ஊறுவதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நிலத்தடி நீரை அந்த மாநிலம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கொதிக்கும் மே மாதத்தில் நாற்று நட்டால் நீர் ஆவியாகி வீணாகிறது என்பதால், 2009-இல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து, ஜூன் 10-க்கு முன் நடவு கூடாது என்றார்கள். ஹரியானாவும் அதே ஆண்டில் அப்படியொரு சட்டம் இயற்றியது. நீரைக் காக்கச் செய்த நல்ல காரியம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் பிற்பாதிக்குத் தள்ளிப்போயிற்று. கோதுமையை நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைக்காவிட்டால் மார்ச் மாத வெப்பத்தில் மணி சுருங்கி மகசூல் விழும் (2022 மார்ச்சில் அது கண்கூடாக நடந்தது). ஆக, நெல்லை அறுத்து, மண்டிக்குக் கொண்டுபோய் விற்று, வயலைத் துப்புரவாக்கிக் கோதுமை விதைக்கக் கிடைப்பது இரண்டு, மூன்று வாரங்கள். அந்தச் சட்டத்தால் புகையின் உச்சமும், காற்று தேங்கும் பருவத்துக்கே நகர்ந்துவிட்டது. பூசா-44 என்ற நெல் ரகம் விளைய நாற்றங்காலிலிருந்து 155 நாட்களுக்கு மேல் ஆகும் என்பதால் நெருக்கடி இன்னும் கூடியது.

வயலில் நின்று பார்த்தால் விஷயம் விளங்கும். அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஓரடி உயரத்துக்குத் தாளை நிற்கவிட்டுப் போகிறது. தூற்றிய வைக்கோலைத் தன் பின்னால் வரிசை வரிசையாகக் கக்குகிறது. அந்த வயலில் வழக்கமான விதைப்புக் கருவியை இறக்கினால், அதன் கொழுமுனைகளில் உதிரி வைக்கோல் வாரிச் சிக்கி, பத்தடி போவதற்குள் கருவி நின்றுவிடும். இறங்கி, கையால் பிடுங்கி எடுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். காற்றடிக்கிற பக்கமாகப் போய்க் கொஞ்சம் வைக்கோலைக் கையில் கொளுத்தி வரிசையோடு இழுத்துக்கொண்டு நடந்தால், ஓர் ஏக்கர் அரை மணி நேரத்தில் கருகிச் சுத்தமாகிவிடும். செலவு ஒரு தீப்பெட்டி.

நம் ஊர்க்காரர்கள் இங்கே உடனே கேட்பது, மாட்டுக்குப் போட்டால் என்ன என்பதுதான். தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை இயந்திரம் போன கையோடு வைக்கோலைச் சுருட்டும் இயந்திரம் வந்து கட்டுக் கட்டாகச் சுருட்டிப் போட, அது கேரளம் வரைக்கும் லாரியில் போகிறது. அங்கே வைக்கோல் ஒரு வரும்படி. பஞ்சாபில் மாட்டுக்குத் தீவனம் கோதுமை வைக்கோல்தான். பாசுமதி அல்லாத நெல்லின் வைக்கோலில் சிலிக்கா மிகுதி என்பதால் மாடு விரும்பாது என்பது அவர்கள் கணக்கு. பாசுமதி வைக்கோலை மட்டும் ஓரளவு தீவனமாக்குகிறார்கள். அப்படியே மாட்டுக்குப் போட்டாலும், ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டன் வைக்கோலை எந்த மாடு தின்று தீர்க்கும்?

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. ‘ஹேப்பி சீடர்’ என்ற கருவி, லூதியானா வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. நிற்கும் தாளை வெட்டித் தூக்கி, அடியில் கோதுமையை விதைத்து, வெட்டிய வைக்கோலையே மூடாக்காகப் பரப்பிவிடுகிறது. ‘சூப்பர் சீடர்’ தாளை மண்ணோடு கலந்துவிட்டு விதைக்கிறது. ஒரு டன் வைக்கோலை எரித்தால் சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும் இருபத்தைந்து கிலோ சாம்பல்சத்தும் மண்ணிலிருந்து பறிபோகின்றன என்பதால், இவை மண்ணுக்கும் நல்லவை. 2018 முதல் தனி விவசாயிக்கு 50 சதவீதமும், கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வாடகை மையங்களுக்கும் 80 சதவீதமும் மானியம் கொடுத்து, மத்திய அரசு இந்தக் கருவிகளைப் பெருமளவில் இறக்கியது. சிக்கல் எங்கே என்றால், இவற்றை இழுக்க வலுவான டிராக்டர் வேண்டும், சிறு விவசாயியிடம் அது கிடையாது. எல்லோருக்கும் அதே இருபது நாளில் கருவி தேவைப்படுவதால் வாடகைக்குக் கிடைப்பது அரிது, மற்ற பதினோரு மாதமும் கருவி கொட்டகையில் துருப்பிடிக்கிறது. வாடகை, டீசல் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கூடுதலாகிறது என்கிறார்கள். தாளை மண்ணில் விட்டால் கோதுமையில் இளஞ்சிவப்புத் தண்டுத்துளைப்பான் வருகிறது என்று சங்ரூர்ப் பக்கத்தில் எழுந்த புகாரையும், எரிக்காமலிருக்க முன்வந்தவர்களே சொன்னது என்பதால், சாக்கு என்று தள்ளிவிட முடியாது. வைக்கோலை மட்கச் செய்ய நுண்ணுயிர்க் கரைசலைத் தெளிக்கும் யோசனை விளம்பரத்துக்கு உதவியது. அதற்கு மூன்று வாரம் தேவை, அந்த மூன்று வாரம்தான் இல்லையே. பானிபட்டில் 2022 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட எத்தனால் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைப் பயன்படுத்தத் திட்டமிட்டது. நல்லது, ஆனால் இரண்டு கோடி டன்னோடு வைத்துப் பார்த்தால் அது நூற்றில் ஒரு பங்கு.

இதற்கிடையில் அரசுகள் கையில் எடுத்தது தண்டனை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே எரிப்பதைத் தடை செய்தது. 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பாக்கப்பட்டு, 2 ஏக்கருக்குக் குறைவாக உள்ளவருக்கு 5,000, 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 ரூபாய் என்றாயிற்று. நிலத்தை விற்கவும் அடகு வைக்கவும் முட்டுக்கட்டையாகும் ‘சிவப்புக் குறிப்பு’ ஒன்றை நிலப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஹரியானாவில் எரித்தவர் இரண்டு பருவத்துக்கு அரசுக் கொள்முதலில் விற்க முடியாது என்ற உத்தரவும் வந்தது. செயற்கைக்கோள் கணக்குப்படி பஞ்சாபில் தீ நிகழ்வுகள் 2021-இல் 71,304 ஆக இருந்து, 2023-இல் 36,663 ஆகவும், 2024-இல் 10,909 ஆகவும் இறங்கின. இந்த இறக்கம் முழுவதையும் நான் நம்பவில்லை. தீயை எண்ணும் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்துபோகின்றன. அந்த நேரத்தைத் தெரிந்துகொண்டு மாலையில் கொளுத்துகிறார்கள் என்பதை, நாள் முழுவதும் ஒரே இடத்தைப் பார்க்கும் கொரியச் செயற்கைக்கோளின் படங்களை வைத்து ஆய்வாளர்கள் 2024-இல் எடுத்துக்காட்டினார்கள். கருகிய நிலப்பரப்பை அளந்தவர்களுக்கும் குறைவு தெரிந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. தண்டனை ஓரளவு திருத்தியிருக்கிறது, ஓரளவு மறைக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

என் தீர்ப்பு இதுதான்: எரிப்பது நிறுத்தப்பட வேண்டும், ஆனால் அதற்கான செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரிலேயே, எரிக்காத சிறு விவசாயிகளுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2022-இல் பஞ்சாப் அரசு ஏக்கருக்கு 2,500 ரூபாய் என்றும், அதில் 1,500 மத்திய அரசும் மீதியைத் தில்லியும் பஞ்சாபும் பகிர்ந்து தரலாம் என்றும் முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை. ஹரியானா ஏக்கருக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. அங்கே தீ குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஐந்து ஏக்கர்க்காரருக்கு 12,500 ரூபாய் கொடுக்க முடியாத நாடு, அதே ஆளிடம் 10,000 ரூபாய் அபராதம் கேட்பது எனக்கு ஒட்டவில்லை. குறுகிய காலத்தில் விளையும் பி.ஆர்.-126 போன்ற ரகங்கள் பரவுவது உடனடியாகச் செய்யக்கூடியது. நெல்லையே குறைத்து, பருப்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அதே உறுதியோடு கொள்முதல் தருவது நீண்ட கால வழி. அதைச் செய்யாதவரை மற்றதெல்லாம் புகையைத் தள்ளிப்போடுவதுதான். சிறையில் போட்டால் என்ன என்று நீதிமன்றத்திலேயே கேட்கப்பட்டதுண்டு. காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டம், சிறைத்தண்டனையிலிருந்து விவசாயிகளுக்கு விலக்களித்திருக்கிறது. அந்த விலக்கு தொடர வேண்டும் என்றே சொல்வேன். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: அந்தப் புகையை முதலில் குடிப்பது தில்லி அல்ல, சங்ரூரிலும் பட்டிண்டாவிலும் கொளுத்துகிறவரின் சொந்தப் பிள்ளைகள். அவர்கள் முகத்தில் எந்தக் கவசமும் இல்லை, அவர்களுக்காக யாரும் அவசரநிலை அறிவித்ததும் இல்லை.

ஆகவே, மாஸ்க் போடச் சொல்வது நியாயமா என்றால், உங்கள் மகளுக்கு அது தற்காப்பு, அதில் நியாய அநியாயம் பார்க்க வேண்டியதில்லை. அரசு அதைத் தீர்வாகக் காட்டினால் அது அநியாயம். குளிரூட்டிய அலுவலகத்தில் காற்றுச் சுத்திகரிப்பானோடு இருக்கப்போகும் உங்கள் மகளால் என்95 வாங்கி மாற்றிக்கொண்டிருக்க முடியும். சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் ரிக்‌ஷா மிதிப்பவரும் எட்டு மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு மூச்சு வாங்க முடியாது. நடைமுறையில் ஒரு எச்சரிக்கையோடு முடிக்கிறேன். நவம்பர் 20 வாக்கில் வயல் தீ அடங்கியதும் செய்திகளும் அடங்கிவிடும், பலர் முகக்கவசத்தைக் கழற்றிவிடுவார்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் பஞ்சாபில் ஒரு தீயும் எரியாத நாட்களிலேயே தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டுவது வழக்கம். ஆகையால் மகள் செய்தியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். காலையில் கிளம்பும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலியில் தன் பகுதியின் அளவைப் பார்த்து, 200-க்கு மேல் இருந்தால் அணியட்டும், 300-ஐத் தாண்டினால் காலை நடைப்பயிற்சியை விட்டுவிடட்டும், பிப்ரவரி பிற்பாதி வரை அதைத் தொடரட்டும்.